தம்பிக்குப் பெருங்குடல் வேண்டும்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. அப்பா அம்மா ஆசை ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும். மற்றபடி யார் எந்த உறுப்பைக் கணினிக்குள் கட்டுகிறாரோ அந்த உறுப்புதான் அவர். "இதயம் இன்னைக்கு லீவு", "நுரையீரல் டீ குடிக்கப் போயிருக்கார்", "மூளை வராம மீட்டிங்கை ஆரம்பிக்க முடியாது" என்று வரவேற்பறைப் பெண் தொலைபேசியில் அலுங்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். புதிதாக வருகிறவர்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று வெளியே போய்ப் பலகையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வருவார்கள்.

நம் ஆள் பெருங்குடல்.

வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதாது. எது எழுதாதது என்பது அவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கட்டடத்தின் தரைத்தளத்தில், நடைபாதை முடிகிற இடத்தில், கழிப்பறைக்கு அடுத்த அறை அவருடையது. அது தற்செயல் என்று நிர்வாகம் சத்தியம் செய்யும். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பெருங்குடல் அவராகக் கேட்டு வாங்கியது அல்ல. பதினோரு வருடம் முன்னால் இயக்குநர் எல்லோரையும் கூட்டி உறுப்புகளைப் பங்கு போட்டார். அன்றைக்குப் பார்த்து நம் ஆளுக்கு வயிறு சரியில்லை, வேலைக்கு வரவில்லை. மறுநாள் வந்து பார்த்தால் எல்லாம் போய்விட்டது. இதயம், மூளை போன்றவை முதல் ஐந்து நிமிடத்திலேயே போயிருக்கும், அது போகட்டும். மண்ணீரலைக்கூட ஒருவர் அள்ளிக்கொண்டு போயிருந்தார். மண்ணீரல் என்ன செய்கிறது என்று இன்றுவரை அவருக்கே முழுதாகத் தெரியாது.

"பெருங்குடல் ஒண்ணு இருக்கு, எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார் இயக்குநர். கடையடைக்கிற நேரத்தில் மிச்சத்தைத் தள்ளிவிடுகிற குரல்.

எடுத்துக்கொண்டார். வேறு வழி?

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஓர் உறுப்பு எப்படிச் சுருங்குகிறது, எப்படி விரிகிறது, எதை உள்ளே வாங்குகிறது, எதை வெளியே விடுகிறது என்பதையெல்லாம் கணக்காக மாற்றிக் கணினிக்குள் போட வேண்டும். சரியாகப் போட்டால் திரையில் அது உயிரோடு இருப்பதைப் போலவே நடந்துகொள்ளும். ஒரு மருந்தை மனிதனுக்குக் கொடுக்கும் முன் அதற்குக் கொடுத்துப் பார்க்கலாம். நம் ஆளுக்கு முதல் மூன்று வருடம் வளைவுகளுக்கே போயிற்று. அடுத்த நான்கு வருடம், குடல் தன்னிடம் வருகிற கூழிலிருந்து தண்ணீரையும் உப்பையும் எப்படித் திரும்ப எடுத்து உடம்புக்குக் கொடுக்கிறது என்பதற்கு. இப்படிப் பதினோரு வருடம். தலையில் கட்டப்பட்ட வேலைதான். ஆனால் மூன்றாவது வருடத்தில் எப்போதோ அவருக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது. காலையில் வந்ததும் திரையைத் திறந்து, அது மெதுவாக ஒரு பக்கம் சுருங்கி மறு பக்கம் நெகிழ்வதை ஐந்து நிமிடம் சும்மா பார்ப்பார். யாராவது கதவைத் தட்டினால் வேலை செய்வது போல முகத்தை மாற்றிக்கொள்வார்.

பாசம் இருந்து என்ன, வெளியே சொல்ல முடிய வேண்டுமே. உறவுக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றில் "என்ன வேலை பாக்கறீங்க?" என்று ஒருவர் கேட்க, நம் ஆள் மென்று விழுங்குவதைப் பார்த்த மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, முந்திக்கொண்டார். "மாமா ஹார்ட்ல இருக்கார்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். சாப்பாடு முடிவதற்குள் மூன்று பேர் இசிஜி தாளோடு வந்துவிட்டார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியே விட்டார்.

"உண்மையைச் சொல்லித் தொலைச்சா என்ன?" என்றார் மனைவி, வீட்டுக்கு வரும் வழியில்.

"சாப்பிடற இடத்துல எப்படிச் சொல்றது?"

"அதுவும் சரிதான்" என்றார் மனைவி. அவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர். சொல்வதற்கு எளிமையான வேலை; யாரும் தபாலைக் கழற்றிக் காட்டுவதில்லை.

இந்த நிலையில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. நான்கு ஆராய்ச்சி நிலையங்கள் சேர்ந்து ஒரு முழு மனித உடலையே கணினிக்குள் கட்டப் போகின்றன. இதுவரை ஆளுக்கொரு உறுப்பை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தது போதும், இனி எல்லாவற்றையும் இணைத்து ஒரே ஆளாக நடமாட விட வேண்டும். அதற்குத் திட்டம் போட மூன்று நாள் கூட்டம். நிதி கொடுக்கும் அமைப்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து மூன்று நாளும் உட்கார்ந்து பார்ப்பார். கூடவே வரைவுத் திட்டமும் வந்தது, நாற்பது பக்கம்.

நம் ஆள் முதல் பக்கத்திலிருந்து பெருங்குடலைத் தேடிக்கொண்டே போனார். இதயத்துக்கு ஒன்பது பக்கம். மூளைக்கு எட்டு. மண்ணீரலுக்கு ஒரு பத்தி. நாற்பதாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. "இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படுபவை: பெருங்குடல், நகம், இதர."

நகத்தையும் சேர்த்து அந்த வரியை இன்னொரு தரம் படித்தார்.

இரண்டாம் கட்டத்துக்குப் போனவர் யாரும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஐந்து வருடம் முன்னால் இப்படித்தான் தோல்காரரை "இரண்டாம் கட்டம், அவசரமில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். நல்ல மனிதர். இப்போது சோபா உறை விற்கிற கம்பெனியில் இருக்கிறார். இரண்டாம் கட்டம் என்றால் அறைச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், பதினோரு வருட வேலை ஸ்டோர் அலமாரிக்குப் போகும், அவர் இந்த வயதில் வேறு வேலை தேட வேண்டும். எந்த நிலையத்தில் போய் "எனக்குப் பெருங்குடல் நன்றாகத் தெரியும்" என்று நிற்பது?

முதல் நாள் கூட்டம். நீள மேஜை, நடுவில் தண்ணீர் பாட்டில்கள், ஒவ்வொருவர் முன்னாலும் உறுப்பின் பெயர் எழுதிய அட்டை. திட்டத்தை எழுதியவர் மூளை மேடம். நாற்பது வயதுதான், ஆனால் பத்துப் பேருடைய வேகம். பேசும்போது மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார். இதயம் உயரமானவர், பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்துப் பழகியவர், எதைச் சொன்னாலும் கை தானாக நெஞ்சுக்குப் போய்விடும். சிறுநீரகத்துக்கு இரண்டு பேர். நான்கு வருடமாக ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்று நின்றாலும் இன்னொன்று சமாளிக்கும் என்பதால் நிர்வாகம் கவலைப்படவில்லை. மேஜையின் கோடியில் நிதி அமைப்பின் அதிகாரி. அறுபதை நெருங்கும் பெண்மணி. மடியில் கைப்பை, கையில் கோடு போட்ட நோட்டு. பேசவே இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

நம் ஆள் பேச வேண்டிய நேரம் பன்னிரண்டரை.

"சாப்பாட்டுக்கு முன்னாடி வேண்டாமே" என்றது நுரையீரல்.

"சரி, ரெண்டு மணிக்கு வெச்சுக்கலாம்" என்றார் இயக்குநர்.

"சாப்பிட்ட உடனேயா?" என்று நெஞ்சில் கை வைத்தார் இதயம்.

இப்படித் தள்ளித் தள்ளி ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மைக் கையில் வந்தது. அதற்குள் பாதி நாற்காலி காலி. மீதிப் பாதி பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தது. பதினோரு வருடத்தைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். அதிகாரி மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதியது பெருங்குடலைப் பற்றியா, வாங்க வேண்டிய சாமான் பட்டியலா என்று தெரியவில்லை.

"நல்லா இருந்துச்சு சார்" என்றார் மூளை மேடம், நிமிராமல். "ஆனா முதல் கட்டத்துக்கு இருக்கற உறுப்பு போதும். பெருங்குடல் இல்லாம உடம்பு ஓடும். நாளைக்கு ஓட்டியே காட்டறேன்."

இரண்டாம் நாள், நான்கு நிலையங்களின் உறுப்புகளையும் அவசர அவசரமாக இணைத்து, பெரிய திரையில் ஒரு வாலிபனை நிறுத்தினார்கள். முப்பது வயது, எழுபது கிலோ. முகம் இல்லை, மூக்கு இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது. "தம்பி" என்று யாரோ சொல்ல, அதுவே பேராகிவிட்டது. தம்பிக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, தாகம் எடுத்தால் அவனே குடித்துக்கொள்வான். பத்து நாள் வாழ்க்கையை இரண்டு மணி நேரத்தில் ஓட்டுவது என்று ஏற்பாடு.

இதயம் துடித்தது. நுரையீரல் விரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம்.

மூன்றாம் நாள் வாழ்க்கையில் தம்பியின் எடை எழுபத்து நாலரை. "கொஞ்சம் சதை போடறான், நல்லதுதான்" என்றார் இயக்குநர். ஐந்தாம் நாள் எழுபத்தேழரை. வயிறு பானை மாதிரி முன்னால் வந்துவிட்டது. நம் ஆள் நாற்காலி நுனிக்கு வந்தார். ஒரு நாளைக்குச் சரியாக ஒன்றரைக் கிலோ. சிறுகுடல் பெருங்குடலுக்குத் தள்ளிவிடுகிற கூழ் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். அவருக்குத் தன் வீட்டு முகவரி மறந்தாலும் இந்த எண் மறக்காது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பில் மிஞ்சுவதை "அடுத்த குழு பார்த்துக்கொள்ளும்" என்று எழுதிக் கையைக் கழுவியிருந்தது. இரைப்பைக் குழு சிறுகுடலோடு நிறுத்தி, "மிச்சம்: அடுத்த குழு" என்று எழுதியிருந்தது. அடுத்த குழு நாற்பதாம் பக்கத்தில் நகத்தோடு உட்கார்ந்திருந்தது. ஆக, தம்பி சாப்பிட்டுக்கொண்டே இருந்தான், வெளியே போக வழியில்லை.

ஏழாம் நாள் வயிறு மேலே ஏறி நுரையீரலை நெருக்கியது. எட்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டோடு தம்பிக்கு மூச்சு நின்றது. திரை சிவப்பானது.

"நுரையீரல்லதான் தப்பு" என்றார் இதயம்.

"என் பேர்ல எந்தத் தப்பும் இல்ல. விரிய இடம் குடுத்தாத்தானே விரிய முடியும்?" என்று எகிறியது நுரையீரல்.

சிறுநீரகம் இரண்டும், நான்கு வருடத்தில் முதல் தடவையாக, ஒரே குரலில் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு" என்றன. பிறகு ஒருவரையொருவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

நம் ஆள் எழுந்தார். "அவனுக்குப் பெருங்குடல் இல்லீங்க. எட்டு நாளா வெளியவே போகல." அறையே கொல்லென்று சிரித்தது. அவரும் கூடச் சிரித்துவிட்டார், பதினோரு வருடப் பழக்கம். ஆனால் உள்ளுக்குள் ஒரே குதூகலம். இனி என்ன செய்வீர்கள், வந்துதானே ஆக வேண்டும்?

மூளை மேடம் அப்போதும் நிமிரவில்லை. "அவ்வளவுதானா? ஒரு நேர்க் குழாய் போட்டுடலாம். உள்ள வர்றது அப்படியே வெளிய போகட்டும். பத்து வரி போதும், சாயங்காலத்துக்குள்ள எழுதிடறேன்."

பத்து வரி! பதினோரு வருடத்துக்கு எதிராகப் பத்து வரி. நம் ஆளின் முகம் செத்துப்போனது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். "குழாயாம், குழாய்! நாளைக்கு எழுந்து நின்னு கத்தப் போறேன் பாரு."

மனைவி காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார். "குழாய் போட்டா என்ன ஆகும்?"

"தண்ணி, உப்பு எதையும் திருப்பி எடுக்க ஆள் இல்ல. காஞ்சு போயிடுவான். நாலு நாள் தாங்க மாட்டான்."

"அப்ப ஏன் கத்தறீங்க? திரும்பி வர்ற தபாலுக்குத் தனி மேஜை எதுக்குன்னு எங்க ஆபீசுல ஒரு அதிகாரி கேட்டார். நான்தான் அந்த மேஜை. வேண்டாம்னா எடுத்துடுங்க சார்னு சொல்லிட்டு வேற வேலை பாத்தேன். மூணாம் நாள், ஜன்னல் வரைக்கும் மூட்டை. அவரே வந்து என் முன்னாடி நின்னார். நான் ஒரு வார்த்தை பேசல."

"பேசவே இல்லையா?"

"டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னேன்."

மூன்றாம் நாள் நம் ஆள் கத்தவில்லை. "குழாயைப் போட்டு ஓட்டுங்க மேடம். நாலாம் நாள் விழுவான்" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி நோட்டைப் பிரித்தார்.

முதல் நாள் வாழ்க்கை நன்றாகப் போயிற்று. இரண்டாம் நாள் தம்பி குடித்தான், குடித்தான், குடித்துக்கொண்டே இருந்தான். முதலில் அலறியது சிறுநீரகம், இடது பக்கம். "எனக்கு ஒரு சொட்டு வரல!" மூன்றாம் நாள் இரத்த அழுத்தம் படியிறங்கியது. இதயம் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நாலாம் நாள் விடியுமுன் தம்பி விழுந்தான். நம் ஆள் கடைசிக் கவளத்தை நிதானமாக மென்றார். அவ்வளவு ருசியான சாப்பாட்டை அவர் பதினோரு வருடத்தில் சாப்பிட்டதில்லை.

"தண்ணியை ரெண்டு மடங்கு ஆக்குங்க" என்றார் இயக்குநர். ஆக்கினார்கள். தம்பி மூன்றாம் நாளே விழுந்தான்.

இப்போதுதான் மூளை மேடம் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். அவருக்கு நெற்றியில் ஒரு மச்சம் இருப்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. "தண்ணி அதிகமாக் குடுத்தா எப்படி சார் சீக்கிரம் விழறான்?"

"வெறும் தண்ணி உள்ள போனா, இருக்கற உப்பையும் சேத்து அடிச்சுக்கிட்டுப் போயிடும் மேடம். உப்பு இல்லாட்டி தண்ணி உடம்புல தங்காது. குடிக்கற தண்ணியில அளவா உப்பும் சர்க்கரையும் சேத்து ஓட்டிப் பாருங்க."

சேர்த்து ஓட்டினார்கள். தம்பி ஆறு நாள் நின்றான். கம்பீரமாக அல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் மாதிரி. ஆனாலும் நின்றான்.

குழாயோடு பத்து நாள் ஓடாது என்று தெளிவான பின் யாரும் எதுவும் சொல்ல இடமில்லை. நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டு, "பெருங்குடல்: முதல் கட்டம்" என்று ஐந்தாம் பக்கத்தில் ஏறியது. "நம்ம குடல் சாதிச்சிட்டார்யா!" என்று இதயம் முதுகில் தட்டினார். ஒரு மணி நேரத்தில் கையெழுத்து; அதுவரை டீ. கலைந்து போகும்போது இயக்குநர் நம் ஆளை ஒதுக்குப்புறமாக அழைத்தார். "அந்தக் குழாய் போட்டு ஓட்டினதையெல்லாம் நீங்களே அழிச்சிடுங்க. ரிப்போர்ட்டுல அந்த அசிங்கம் இருக்க வேண்டாம்."

அழிக்கிற வேலையை அவரிடமே கொடுத்ததுதான் கிடைத்த பரிசிலேயே பெரிய பரிசு. அவர் ஏறக்குறைய ஓடினார். அறைக்கு வந்து, குழாய்த் தம்பிகளையெல்லாம் திரையில் வரிசையாகத் தெரிவு செய்து, விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோகும்போது கதவு தட்டப்பட்டது.

நிதி அமைப்பின் அதிகாரி. கையில் நோட்டு, தோளில் கைப்பை.

"சார், ஒரு நிமிஷம். அந்தக் குழாய் போட்ட ஓட்டம்... அழிச்சிட்டீங்களா?"

"இப்பத்தான் அழிக்கப் போறேன் மேடம்."

"அழிக்காதீங்க."

நம் ஆளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைசி நேரத்தில் குழாய்க்கே நிதி கொடுக்கப் போகிறாரா? "மேடம், அது சும்மா வெத்து ஓட்டம். அப்படி ஒரு ஆளே கிடையாது" என்றார்.

"இருக்காங்க சார். எங்க வீட்டுல இருக்கார்." அவர் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரருக்குப் பெருங்குடலை முழுசா எடுத்துட்டாங்க. எட்டு மாசம் ஆச்சு. நீங்க எல்லாரும் குழாய் குழாய்ங்கறீங்களே, அது அவர்தான்."

நம் ஆள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

"நாளெல்லாம் தண்ணி குடிக்கறார். அப்பவும் நாக்கு வறண்டு போகுது, காலு இழுத்துக்குது, எழுந்து நின்னா கண்ணை இருட்டுது. இன்னும் குடிங்க, இன்னும் குடிங்கன்னு நான்தான் பாட்டில் பாட்டிலா குடுத்துக்கிட்டு இருக்கேன். காலையில நீங்க சொன்னீங்களே, நாலாம் நாள் விழுவான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் எழுதிக்கிட்டேன்." நோட்டைத் திருப்பிக் காட்டினார். மூன்று ஓட்டமும், எந்த நாள் எந்த மணிக்கு என்ன ஆயிற்று என்று, வரி வரியாக இருந்தது. கடைசி வரியில் உப்பு என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

நம் ஆளுக்கு வெட்கமாக இருந்தது. சின்ன வெட்கம் அல்ல. உட்கார்ந்த இடத்தில் பூமிக்குள் போய்விடலாம் போன்ற வெட்கம். அந்தத் தம்பி காய்ந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு அவர் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார், அதே மேஜையில் இந்த அம்மாள் மணியைப் பார்த்து எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"மேடம், நான் டாக்டர் இல்ல" என்றார். "நிஜ உடம்பு கொஞ்சம் பழகிக்கும், தம்பி மாதிரி நாலு நாள்ல விழாது. ஆனா நீங்க பாத்தது நிஜம். வெறும் தண்ணி ஜாஸ்தியாக் குடுத்தப்போ சீக்கிரம் விழுந்தான். உப்பும் சர்க்கரையும் அளவாச் சேத்தப்போ நின்னான். இதை அப்படியே அவரோட டாக்டர்கிட்ட சொல்லி, எவ்வளவு அளவுன்னு கேளுங்க. இன்னைக்கே கேளுங்க."

"கேக்கறேன். ஆனா இந்தத் தம்பியை இன்னும் ஓட்டினா, எவ்வளவு, எப்பப்ப, வெயில் நாள்ல எவ்வளவு, இதெல்லாம் தெரியுமா சார்?"

"தெரியும் மேடம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "எனக்குத்தான் தெரியும். என்ன போச்சுன்னு பதினோரு வருஷமாக் கணக்குப் போட்டவன் நான்தானே."

அவர் கூட்ட அறைக்குத் திரும்பிப் போனபோது திட்டத்தைக் கையெழுத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குழாய்த் தம்பியும் முதல் கட்டத்தில் வேண்டும் என்றார். மூளை மேடம் இப்போது நிமிர்ந்தே இருந்தார்.

"மூணு நாளா குடல் வேணும் குடல் வேணும்னு உயிரை எடுத்தீங்க. இப்ப குடல் இல்லாமலும் வேணுமா?"

"ரெண்டும் வேணும் மேடம்."

"ஒரு குழுவுக்கு ஒரு உடம்புதான் சார். கம்ப்யூட்டர்ல அவ்வளவுதான் இடம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

நம் ஆள் ஐந்தாம் பக்கத்தைப் பார்த்தார். வளைவுகளுக்கே மூன்று வருடம். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிற அந்த ஐந்து நிமிடம். அதை விடுவதற்கு அவருக்கு மனசே இல்லை, இதை ஒளிக்க என்ன இருக்கிறது. பையிலிருந்து பேனாவை எடுத்துப் "பெருங்குடல்" என்ற வார்த்தையை அடிக்கப் போனார். எழுதவில்லை. இன்னொரு பேனாவை எடுத்து அடித்தார். மேலே, "பெருங்குடல் நீக்கப்பட்டவர்" என்று எழுதினார். பெருங்குடலை மறுபடி இரண்டாம் கட்டத்தில் அவரே தன் கையால் சேர்த்தார்.

"இவருக்கு என்னய்யா ஆச்சு?" என்று இதயம் நுரையீரலின் காதைக் கடித்தது.

அதிகாரி கதவுக்கு வெளியே நடைபாதையில் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக வாய் திறக்காதவருக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. மறுமுனையில் இருப்பவருக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது.

"அந்த பாட்டிலைக் கீழ வைங்க முதல்ல... ஆமா, தண்ணிதான்... நான் வந்து டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறேன், உப்பைப் பத்திக் கேக்கணும்... யாரு சொன்னாங்களா? இங்க பெருங்குடல் சார்னு ஒருத்தர் இருக்கார், அவர் சொன்னார்... சிரிக்காதீங்க. அப்படித்தான் அவரைக் கூப்பிடறாங்க... சரி, சிரிங்க. நீங்க சிரிச்சு எத்தனை நாளாச்சு."

நம் ஆள் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.